நரிவெங்காயம் காத்த படலம்

எரிந்துபோன மோட்டார்க்கெல்லாம் செம்புக்கம்பி சுற்றி உயிர்ப்பிச்சை அளிக்கும் செங்கரத்தோன், சிங்காநல்லூர்ப் பட்டறையின் சிங்கம், ஞாயிறுதோறும் காட்டுச்செடி தேடிக் கால்தேய்ந்த காவலன், அமிர்தராஜ் என்னும் அண்ணலின் போரைப் பாடப் புகுந்தேன். பெருந்துறைக்குத் தெற்கே கிடக்கும் பொட்டல்களே, என் நாவில் வந்து குந்துங்கள்!

கிளுவை முள்வேலி மதிலாக, வெள்வேல மரங்கள் காவற்படையாக, கொழுக்கட்டைப்புல் காய்ந்து பொன்தகடாய் மின்னும் கொரங்காட்டு மேய்ச்சல்நிலத்தில், செஞ்சரளை மண்ணுக்கடியில் உறங்குவாள் நரிவெங்காயம் என்னும் காட்டரசி. மழைக்கு இலை விடுவாள். அவ்விலையும் உதிர்ந்து, வெயில் மண்ணை வறுக்கும் பங்குனியில்தான் ஒற்றைத் தண்டு நீட்டிப் பூப்பாள். அதிலும் ஒரு பூவுக்கு ஒரு மாலையே ஆயுள். கடந்த மூன்றாண்டும் பிந்தி வந்து வாடிய தண்டையே கண்டு திரும்பிய அண்ணல், இவ்வாண்டு உச்சிவெயிலிலேயே வந்து, செடிக்குறிப்பு எழுதும் நோட்டை அருகில் வைத்து, மொட்டின்முன் முழந்தாளிட்டார்.

மணி நாலரை. மொட்டு இளகிற்று. அந்தோ! கார்மேகத்துக்குக் கொம்பு முளைத்தாற்போல், தாடி துடிக்க, கழுத்துமணி போர்ப்பறை கொட்ட, அப்போதன்றோ வந்தது ஒரு கருங்கிடாய்!

"உயிருள்ளவரை ஓரிதழும் தாரேன்!" என முழங்கிய அண்ணல், குடையைக் கேடயமென விரித்தார். கிடாய் இடம் பாய இவரும் இடம் பாய்ந்தார். அது வலம் திரும்ப இவரும் வலம் திரும்பினார். இரு கடல்கள் மோதினாற்போல் மோதியதில் குடைக்கம்பி மூன்று முறிந்தன, செருப்புவார் அறுந்தது, முள் கிழித்த முழங்கையில் குருதி பூத்தது. அரைமணி நேரமாகியும் அண்ணல் பின்வாங்கினாரில்லை.

வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு ஆட்டுக்காரி செவ்வந்தி ஓடிவந்தாள்.

"ஏனுங்ணா, எங்க கெடாயோட எதுக்குங்க மல்லுக்கட்டறீங்க?"

"இந்தப் பூவைத் திங்க வருதுங்க!"

"அட, அது நரிவெங்காயமுங்க. வெசம். ஆடு மோந்துகூடப் பாக்காதுங்க. அது உங்களத்தான் வெளையாடக் கூப்புடுது."

ஈரைந்து மகுடமும் இழந்த இலங்கைவேந்தன்போல் நாணிக் குனிந்த அண்ணலின் கண்ணெதிரே, யாரும் காவாமலே விரிந்திருந்தது பூ: வெளுத்த ஆறிதழ், இதழ்தோறும் பசுங்கோடு. புண் மறந்தார், குடை மறந்தார், மூன்றாண்டுத் தாகம் தீர நாற்பது படம் எடுத்தார். செவ்வந்தியும் பக்கத்தில் குந்தினாள்.

"தெனமும் இந்த வழிதான் வாரேன். இது பூக்கறத இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்."

கண்ட காட்சியைக் காலமெல்லாம் நிலைக்கப் பொறித்துவைக்கும் பெருவேட்கையோடு, கரத்தில் பேனா ஏந்தி, அண்ணல் மெல்லத் திரும்பினார்.

நோட்டுல பாதிய ஆடு தின்னுபோட்டுது.