கேள்வி கேட்காத சர்வர்கள்

நெருப்பு, சக்கரம் இரண்டுக்கும் அடுத்தபடியாக மனித குலம் எதைச் சாதித்தது என்ற நெடுநாள் குழப்பம், அந்த மருத்துவமனையின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் தீர்ந்தது. 'தானியங்கி நிறுவல்'!

அதுவரை கம்ப்யூட்டர் பிரிவின் பொறியாளர், எல்லோருக்கும் 'சர்வர் அக்கா', பென் டிரைவும் கையுமாக ஒவ்வொரு சர்வரின் முன்னும் உட்கார்ந்து மென்பொருளைப் பதித்துக்கொண்டிருந்தாள். இனி அந்தக் கேவலம் இல்லை. சர்வரை இயக்கினால் போதும். அதுவே நெட்வொர்க் வழியாக மென்பொருளை வரவழைத்து, உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பதித்துக்கொள்ளும். நிஜமான இரும்புப் பெட்டிக்கும், அதற்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் மெய்நிகர் சர்வர்களுக்கும் ஒரே நீதி.

அக்கா செய்து காட்டினாள். நடுவில் திரை கேட்டது: 'உள்ளே இருப்பதை அழிக்கலாமா?'

மருத்துவமனை இயக்குநரின் முகம் சுருங்கியது. "இது என்னம்மா கேள்வி?"

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கும் சார்."

"நான் உத்தரவு போட்டா இங்க யாராவது கேள்வி கேக்கறாங்களா?"

"இல்லைங்க சார்."

"மனுஷங்களே கேக்கறதில்ல. மிஷின் கேக்கலாமா? தூக்கிடுங்க."

"லேப் சர்வரையாவது விட்டுடலாம் சார். தப்பித்தவறி ரீஸ்டார்ட் ஆனா ரிப்போர்ட் அத்தனையும் போயிடும்."

"பாரபட்சமா? அது எங்கிட்ட நடக்காது."

அக்கா அந்தக் கேள்வியைத் தூக்கினாள்.

திறப்பு விழா மேடை சர்வர் அறை வாசலிலேயே அமைந்தது. மேடை விளக்குகளுக்கும் அந்த அறையின் மின்சாரமே. சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தியதும் விளக்குகள் பளிச்சிட்டன. பளு தாங்காமல் மின்சாரம் ஒரு கணம் போய்த் திரும்பியது. அத்தனை சர்வர்களும் ஒருசேர விழித்து, மிகுந்த பணிவோடு தங்களைத் தாங்களே துடைத்துக்கொள்ளத் தொடங்கின. மேடைத் திரையில், பதிப்பு முடிந்ததன் அடையாளமாக ஒவ்வொன்றாகப் பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் கைதட்டல்.

அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி லேப் சர்வரின் கேபிளைப் பிடுங்கினாள். அது அதற்குள் பச்சைக் குழந்தையாகியிருந்தது. காப்பு நகல் வைத்திருந்த சர்வரும் அப்படியே.

"அந்தப் பொண்ணு ஏன் இப்படி ஓடுது?" என்றார் விருந்தினர்.

"ஆர்வம் சார்," என்றார் இயக்குநர்.

லேப் வாசலில் ரிப்போர்ட் வாங்க வந்த நோயாளிகளின் கூட்டம் சேர்ந்தது. மறுபடி ரத்தம் எடுப்பதற்குக் காரணம் 'தர மறுபரிசோதனை' என்று சொல்லச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அக்கா அவர்கள் முன்னால் போய் நின்றாள். "உங்க ரிப்போர்ட்டெல்லாம் அழிஞ்சுபோச்சு. தப்பு எங்களோடது. மறுபடியும் ரத்தம் குடுக்கணும், மன்னிச்சிடுங்க."

"நாளைக்கு எனக்கு ஆபரேஷனாச்சே?" என்றாள் ஒரு பெண்மணி.

"தள்ளிப்போகும்மா."

அந்தப் பெண்மணி, பஞ்சு ஒட்டாத மற்றக் கையை நீட்டினாள்.

'அனுமதியின்றி உண்மை பேசியதற்காக' அக்காவுக்கு மெமோ வந்தது. மிகக் குறைந்த நேரத்தில் அத்தனை சர்வர்களையும் புதுப்பித்ததற்காக மருத்துவமனைக்கு விருது வந்தது.

விருதைக் கையில் ஏந்திய இயக்குநருக்குக் குரல் தழுதழுத்தது. "இந்தச் சாதனை எளிதில் வந்ததல்ல. இதற்காக நூற்றுக்கணக்கானோர் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள்!"

அரங்கமே எழுந்து கைதட்டியது. இத்தனை வருட வேலையில் அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூடப் பொய்யில்லாத வாக்கியத்தை அக்கா கேட்டது அன்றைக்குத்தான்.