ஐமிச்சத்தார் கார் விற்ற கதை

சந்தேகப்படுவதில் எங்கள் ஐமிச்சத்தாரை மிஞ்ச இந்தப் பூமியில் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அந்த ஆளையும் இவர் சந்தேகப்பட்டிருப்பார்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் மொன்றியாலில், கோட் தெ நேஜ் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், எனக்கு எதிர்வீடு அவர். ஐமிச்சம் என்றால் யாழ்ப்பாணத்தாருக்குச் சந்தேகம். சென்னைக்காரனான எனக்கு அந்த வார்த்தையைக் கற்றுத்தந்ததே அவர்தான். எதைப் பேசினாலும் "தம்பி, எனக்கொரு ஐமிச்சம்" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் கட்டடம் முழுக்க அந்தப் பெயர்.

மூலைக்கடைக்குப் போய் ஒரு பால் வாங்கி வர அவருக்கு முக்கால் மணி நேரமாகும். முன்வரிசைப் பாலைத் தொட மாட்டார். பழசைத்தானே முன்னால் வைப்பார்கள்? கை பின்வரிசைக்குப் போகும். பாதியில் நிற்கும். எல்லாரும் பின்னாலிருந்துதான் எடுப்பார்கள் என்று கடைக்காரிக்குத் தெரியாதா, அவள் பழசைப் பின்னால் தள்ளியிருந்தால்? கை மறுபடி முன்வரிசைக்கு வரும். கடைசியில் பாலே வாங்காமல் திரும்பி வந்து வெறுந்தேத்தண்ணி குடிப்பார். "எப்பிடியும் அவளின்ரை விளையாட்டு என்னட்டைப் பலிக்கேல்லை" என்று அதில் ஒரு திருப்தி வேறு.

நான் குடிவந்த புதிதில் லிஃப்டில் பார்த்து, மரியாதையாக "வணக்கம் சார்" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னத்துக்கு என்னைச் சார் எண்டுறீர்? நான் உமக்குப் படிப்பிச்சனானே?"

அன்றிலிருந்து அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஒரு கார் இருந்தது. அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார். நீண்ட மூக்கு, தக்காளிச் சிவப்பு, மேலே கூரை கிடையாது. முன்பு வைத்திருந்த யாரோ ஒருவன் அதில் பெரிய இஞ்சினைத் திணித்து, பின்சக்கரங்களை அகலமாக்கியிருந்தான். கீழே ஸ்டார்ட் செய்தால் மூன்றாம் மாடியில் என் மேஜைமேல் டம்ளர் நகரும். இதை ஏன் வாங்கினார் என்று கேட்காத ஆள் இல்லை. பதில் ஒன்றுதான்.

"மூடின காரெண்டால் பின் சீற்றிலை ஆர் ஒளிச்சிருக்கினம் எண்டு தெரியாது. இதிலை நாலு பக்கமும் வடிவாத் தெரியும்."

துணிக்கூரை ஒன்று அதற்கு இருந்ததாம். யாராவது கத்தியால் கிழித்துவிடுவார்கள் என்று, கிழிபடும் முன்பே கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார். ஊரில் வயரிங் வேலை பார்த்தவர் என்பதால் இஞ்சினுக்குப் போகும் கம்பிகளையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் காரைக் கிளப்ப வைப்பரைப் போட வேண்டும், இடப்பக்கச் சிக்னலைப் போட வேண்டும், இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்சைத் தட்ட வேண்டும், அப்புறம் ஹார்னை அமுக்க வேண்டும். சாவி எதற்கு என்கிறீர்களா? சாவியைத் திருப்பினால் ஹார்ன் அடிக்கும். அதைக் கேட்டுத் திருடன் ஓடிவிடுவானாம்!

அந்த வருஷம் செப்டம்பரில் ஊரிலிருந்து அவர் மனைவியின் கடிதம் வந்தது. விசா கிடைத்துவிட்டது, நவம்பர் கடைசியில் மகளோடு வருகிறேன் என்று எழுதியிருந்தார். கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"எழுத்து அவவின்ரைதான். ஆனா இவ்வளவு சந்தோசமா அவ எழுத மாட்டா. ஆரும் சொல்லி எழுதிவிச்சிருப்பினமோ?"

"அண்ணே, ஆறரை வருஷம் கழிச்சு உங்களைப் பார்க்கப் போறாங்க. சந்தோஷமா இருக்க மாட்டாங்களா?"

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் நாட்டைவிட்டுக் கிளம்பியபோது மகள் ஆறு மாதக் குழந்தை. இப்போது ஏழு வயது. அப்பாவைப் படத்திலும் தொலைபேசியிலும்தான் தெரியும்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். நவம்பர் குளிரில் பிள்ளையை டோர்வல் விமான நிலையத்திலிருந்து கூரையில்லாத காரில் கூட்டிவர முடியாது. டாக்ஸி எங்கே கொண்டுபோய் விடுமோ, யாருக்குத் தெரியும்? ஆகவே மூடின வேன் ஒன்று வேண்டும். அதற்கு இந்தக் காரை விற்றால்தான் உண்டு.

விற்க இறங்கினார். பலசரக்குக் கடைப் பலகையில் அவர் ஒட்டிய விளம்பரத்தில் காரின் நிறம் இருந்தது, இஞ்சினின் பெருமை இருந்தது. தொலைபேசி எண் இல்லை, முகவரி இல்லை. கேட்டால், "பேந்து கண்ட கண்ட ஆக்களெல்லாம் எடுப்பினம்" என்றார். மூன்று வாரம் யாரும் வரவில்லை. பிறகு நானே பிரெஞ்சில் ஒன்று எழுதி, என் வீட்டு எண்ணைப் போட்டு ஒட்டினேன்.

வந்தவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஒருவன் விலையைக் குறைத்துக் கேட்டான். "கள்ளன், அடிமாட்டு விலைக்குக் கேக்கிறான்" என்று அனுப்பிவிட்டார். அடுத்தவன் சொன்ன விலைக்கே சம்மதித்தான். "பேரம் பேசாமல் வாங்குறான் எண்டால் இதிலை ஏதோ சூது கிடக்கு" என்று அவனையும் அனுப்பினார். மூன்றாவது ஆள் சாவியைத் திருப்ப, ஹார்ன் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலற, ஆள் தன் தொப்பியை விட்டுவிட்டே ஓடினான். "பாத்தனீரே, என்ரை வயரிங் வேலை செய்யுது!" என்று ஐமிச்சத்தாருக்குப் பூரிப்பு.

"அண்ணே, அவன் திருடன் இல்லை. வாங்க வந்தவன்!"

அக்டோபரும் முடிந்தது. ஒரு சனிக்கிழமை, நான் அரிசி வாங்கப் போயிருந்த நேரம், ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யிலிருந்து ஒரு கியூபெக்காரர் மனைவியோடு வந்தார். பருத்த உடம்பு, சிவந்த முகம், குழந்தை மாதிரிச் சிரிப்பு. காரைப் பார்த்ததும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"போ ஷார்!" என்றார். சுற்றி வந்து மறுபடி, "போ ஷார்! போ ஷார்!"

அவர் மனைவியும் ஐமிச்சத்தாரைப் பார்த்துக் கனிவாகச் சிரித்து, "போ ஷார்!" என்றார்.

ஐமிச்சத்தாரின் முகம் காரைவிடச் சிவந்தது. சாவியைப் பையில் போட்டார். "நீ போடா!" என்று தமிழிலேயே கத்தினார். அந்த மனிதர் பாவம், தாம் என்ன தப்புச் செய்தோம் என்று புரியாமல் முழித்தார். தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கார்மேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். நான் அரிசி மூட்டையோடு திரும்பும்போது ஐமிச்சத்தார் வாசலிலேயே என்னை மறித்தார்.

"நீர்தானே படிப்பிச்சு விட்டனீர்?"

"என்னத்தை?"

"என்ரை வாசலிலை நிண்டு என்னையே 'போ சார்' எண்டுறான் வெள்ளைக்காரன்! எங்கடை ஆக்கள் எண்டால் 'சேர்' எண்டு சொல்லுவினம். 'சார்' எண்டு சொல்லுறது இந்தியாக்காரர். இந்தக் கட்டடத்திலை இந்தியாக்காரர் நீர் ஒராள்தான். முதல் நாளே லிஃப்டிலை என்னைச் சார் எண்டனீர். அண்டைக்கே எனக்கு ஐமிச்சம்!"

நான் அரிசி மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

"அண்ணே, 'போ' ன்னா பிரெஞ்சில அழகு. 'ஷார்' ன்னா இங்க கார். 'என்ன அழகான கார்!' ன்னு சொல்லியிருக்கார் அந்த ஆள்."

"எனக்கு விளையாட்டுக் காட்டாதையும். காருக்கு 'வுவத்யூர்' எண்டு அரசாங்க வகுப்பிலை மதாம் படிப்பிச்சவ. ஏழு மாசம் படிச்சனான். ஷாரும் மோரும் ஒண்டும் இல்லை."

எனக்கு வந்ததே கோபம்! விளம்பரம் எழுதினவன் நான், தொலைபேசிக்குப் பதில் சொன்னவன் நான், கடைசியில் குற்றவாளியும் நானா? "உங்க காரை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவைச் சாத்தினேனே தவிர மனசு கேட்கவில்லை. நவம்பர் கடைசி நெருங்குகிறது, அந்தக் குழந்தை எந்த வண்டியில் வரும் என்றே யோசனை.

நான் சொன்னதை அவர் சோதித்துப் பார்க்காமல் இல்லை. மூலைக்கடைக்காரியை வெளியே கூப்பிட்டுக் காரைக் காட்டினார். அவள் கையைத் தட்டி, "போ ஷார்!" என்றாள். உடனே நான் அவளுக்கும் காசு கொடுத்திருக்கிறேன் என்று முடிவு கட்டினார். பஸ் ஓட்டுநரிடம் கேட்டார்; அவரும் அதையே சொல்ல, எனக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது என்று திகைத்துப் போனார். கடைசியில், இந்த நகரத்தில் அவர் நம்பிய ஒரே ஜீவனான அந்தப் பிரெஞ்சு ஆசிரியையைத் தேடிப் போனார்.

இரண்டு மணி நேரம் கழித்து என் கதவைத் தட்டினார். தலை குனிந்திருந்தது.

"மதாமைக் கேட்டனான். தெருவிலை சனம் அப்பிடித்தான் கதைக்கும், வகுப்பிலை படிப்பிக்கிறேல்லை எண்டு சொன்னவ."

"இப்பவாவது நம்பறீங்களா?"

"ஓம். அப்ப இவை ரெண்டு பிரெஞ்சு வைச்சிருக்கினம், தம்பி! ஒண்டு எங்களுக்குப் படிப்பிக்க. மற்றது தங்களுக்குள்ளை கதைக்க. எனக்கு அப்பவே ஐமிச்சம்!"

இதற்குமேல் அந்த மனிதரிடம் மன்னிப்பை எதிர்பார்க்கலாமா? "அந்த லொங்குய்க்காரர் நம்பர் எங்கே?" என்றேன். கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் என்மேல் வழக்குப் போடுவதற்குச் சாட்சியாக அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் மீன் பொதிக்குப் பக்கத்தில் உறைய வைத்திருந்தார். அந்தக் குளிரில் கைரேகை அழியாதாம். சீட்டு இளகும்வரை காத்திருந்து நான் ஃபோன் செய்தேன்.

அந்த நல்ல மனிதர் மறுநாளே வந்தார். விலை படிந்தது. மிச்சமிருந்தது காரைக் கிளப்பும் ரகசியம். அதைச் சொல்லும் நேரம் வந்ததும் ஐமிச்சத்தாருக்கு வியர்த்துவிட்டது.

"தம்பி, நீர் அங்காலை திரும்பி நில்லும்."

"அண்ணே, நான்தானே மொழிபெயர்க்கணும்!"

"காதாலை கேட்டு மொழிபெயரும். கண்ணாலை பாக்காதையும்."

சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "இதை அமத்தோணும், பேந்து இதைத் தட்டோணும்" என்பதையெல்லாம் பிரெஞ்சில் சொன்னேன். லொங்குய்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இஞ்சின் உறுமியதும் ஐமிச்சத்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கார் போனபின் ஐமிச்சத்தார் தன் பைகளைத் தடவிப் பார்த்து, "எல்லாம் இருக்கு" என்றார்.

நவம்பர் கடைசியில் சாம்பல் நிற வேன் ஒன்றில் டோர்வலுக்குப் போனோம். அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஒழுகுகிறதா என்று அதன் கூரைமேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தார். நான் கூட வர வேண்டும் என்று அவரே கேட்டார். காரணம் சொல்லவில்லை.

கதவு திறந்தது. அவர் மனைவி தள்ளுவண்டியோடு வந்தார். பின்னால், முழங்கால்வரை தொங்கும் ஸ்வெட்டரில் ஒரு சிறுமி. ஐமிச்சத்தார் முழங்காலிட்டுக் கைகளை நீட்டினார். அது வரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே இருந்த எல்லாத் தமிழருக்கும் கேட்கிற மாதிரி கேட்டது:

"அம்மா, இவர்தான் அப்பா எண்டு உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?"

மனிதர் உடைந்து போய்விடுவார் என்று பயந்தேன். ஆனால் அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பெருமை.

"நல்லாக் கேட்டியள் பிள்ளை. ஆர் கூப்பிட்டாலும் உடனை போகக் கூடாது" என்று சொல்லி, லைசென்ஸ் அட்டையை எடுத்து நீட்டினார். அது படத்தைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது.

"படத்திலை மீசை கிடக்கு."

"வழிச்சுப் போட்டன்."

"ஏன்?"

"நீங்கள் வாறியள் எண்டு. வடிவா இருக்கத்தான்."

அது ஒரு விரலை நீட்டி அவர் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தது. பிறகு மெல்ல அவர் தோளில் சாய்ந்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை. வழியில் இருந்தவர்கள் தள்ளுவண்டிகளோடு அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தேன். அங்கேயே நின்றிருந்தால் அழுதிருப்பேன், அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.