மவுஸைப் பிடுங்கியவர் செய்த வெப்சைட்

அந்தக் காலத்தில் குன்னூர் பஜாரில், டீத்தூள் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் பிரவுசிங் சென்டரில் இருந்தவர்கள் மூன்றே பேர். கடைக்கும் சென்டருக்கும் முதலாளியான பாய், ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்த நான், அப்புறம் அங்கே வெப்சைட் செய்துகொடுத்த மவுஸ்புடுங்கி. வெப்சைட் கேட்டு வந்தவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி வைத்துக்கொண்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் அவர்தான்.

"மவுஸ் புடிக்க முடியாதவங்களும் வருவாங்க. கீபோர்டுல டேப் கீயைத் தட்டியே கடைசி வரைக்கும் போய்ச் சேருங்க பாக்கலாம். சேர முடியலீன்னா அது சைட்டே இல்லீங்க" என்பார். மார்கழிக் குளிரில் விரல் விறைத்தவரும் பட்டனை அமுக்க வேண்டும் என்று கம்பளிக் கையுறை மாட்டிவிடுவார். திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்து, "இப்பப் படிங்க" என்பார். ஒரு லாட்ஜ்காரர் கையுறையோடு ஓடியே போய்விட்டார்.

தேயிலை விலை விழுந்திருந்த காலம். பச்சை இலை விற்ற காசு பறிகூலிக்கே போதாதபோது பிரவுசிங்குக்கு யார் வருவார்கள்? "வெப்சைட்ல டீத்தூள் வித்தாச் சரி. இல்லேன்னா ரம்ஜான் முடிஞ்சதும் மாடியைப் பூட்டிருவேன்" என்று பாய் சொல்லிவிட்டார். எனக்கு வேறு வேலை தெரியாது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பாய் கேட்டது ஓடும் எழுத்து, கொட்டும் பனி, பின்னணியில் பாட்டு. மவுஸ்புடுங்கி செய்தது வெள்ளைத் திரையில் கொட்டை எழுத்து. படத்துக்குப் படம், கண் தெரியாதவருக்குக் கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்ல ஒரு வரி.

"என்னப்பா, எழவு வீட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு?" என்றார் பாய்.

நான் பாயின் இடுப்பில் தொங்கிய மாடிச் சாவியைப் பார்த்தேன்.

"கண்ணாடியைக் கழட்டுங்க பாய்" என்றார் மவுஸ்புடுங்கி. கையுறை ஏறியது. மவுஸ் பறிபோனது. "இப்பக் கால் கிலோ வாங்குங்க."

கண்ணாடி இல்லாவிட்டால் பாய்க்குச் சொந்த மருமகனையே அடையாளம் தெரியாது. திட்டிக்கொண்டே தட்டினார். பெயரை எழுதாமல் தாண்டியதும், பெயர் விட்டுப்போயிற்று, இங்கே எழுதுங்கள் என்று திரை பெரிய எழுத்தில் சொன்னது.

"அட, மரியாதையாத்தான் சொல்லுது" என்றவர், விலையைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "ஏம்ப்பா, கொஞ்சம் கொறைச்சுப் போட மாட்டானா?"

"அது உங்க கடைதானுங்க பாய்."

"அதைத்தான்யா கேக்குறேன். எனக்கே தள்ளுபடி இல்லையா?"

பூட்டும் பேச்சு தள்ளிப்போனது, நிற்கவில்லை. "வெளியாளு ஒருத்தராவது வாங்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். ஆனால் வந்த ஆர்டரெல்லாம் பாயுடையதுதான். தள்ளுபடி வந்துவிட்டதா என்று பார்க்கத் தினமும் கால் கிலோ வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் பக்கத்து வெலிங்டனிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். பக்கவாதத்தில் வலக்கை போனவராம். "யாரையும் கூப்பிடாம நானே உங்க சைட்ல ரெண்டு கிலோ ஆர்டர் போட்டிருக்கேனுங்க. வந்துச்சான்னு பாருங்க" என்றார்.

வந்திருந்தது. பாய், "இனி இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்று மாடிச் சாவியை என் கையில் திணித்துவிட்டு, பார்சல் கட்டக் கீழே ஓடினார்.

மவுஸ்புடுங்கியிடம் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். அவர் மப்ளரைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, "குளிருதுங்க" என்றார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க, பயங்கரக் குளிரு" என்று நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.