கரண்டு இல்லாத கச்சேரி

"ஸ்பீக்கர் உள்ள போகாது தம்பி," என்றார் ராஜபாண்டியன்.

பாண்டிமுருகன் கேட்டைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா போயிரும்ணே."

"எப்படிச் சாய்ச்சாலும் போகாது. கரண்டுல ஓடுற எதுவும் உள்ள போகாது. இது வெடி கம்பெனி."

ராஜபாண்டியன் அந்தப் பட்டாசுக் கம்பெனியின் போர்மேன். ஏழாயிரம்பண்ணைப் பொட்டல் காட்டில் இத்தனை வருசமாக ஒரு பொறிகூடத் தப்பிப் பறக்காமல் பார்த்துக்கொண்ட மனுசன். தீபாவளிச் சரக்கு குடோன் நிறைய அடுக்கியிருக்கிறது. அவரிடம் போய் ராக் இசை, சுயாதீனக் கலை என்றெல்லாம் பேசி என்ன ஆகப்போகிறது?

கம்பெனி முதலாளி சுந்தரபாண்டி பாண்டிமுருகனுக்குத் தாய்மாமா. ஆயுத பூஜைக்குத் தொழிலாளர்களுக்குச் சாப்பாடும் கச்சேரியும் வருசாவருசம் சாத்தூர் மண்டபத்தில்தான் நடக்கும். அம்மா யோகலட்சுமி அண்ணனிடம் மூக்கைச் சிந்திச் சிந்தி இந்த வருசக் கச்சேரியை மகனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். மாமாவும் சரியென்றவர், போன வாரம் திடீரென்று போன் போட்டு, மண்டபம் எதுக்கு, நம்ம கம்பெனிக்குள்ளேயே சாமி முன்னால வச்சிருவோம் என்று சொல்லிவிட்டார். அம்மா தெருவெல்லாம் அந்தப் பெருமையைப் பேசித் தீர்த்தாள்.

அப்பா மட்டும் பெருமைப்படவில்லை. இன்ஜினியரிங் படித்துவிட்டு, சினிமாப் பாட்டும் பாடாமல், தானே எழுதித் தானே பாடித் தானே கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையை இன்னும் எத்தனை நாள் பொறுப்பார்? மாமா வாயால் நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை வரட்டும், அப்புறம் உன் இஷ்டம் என்றார். வராவிட்டால் கிட்டார் பரண்மேல் போய்விடும், மறுநாளே மாமா கம்பெனியில் லோடு ஏற்றும் இடத்துக்கு அவன் சூப்பர்வைசர்.

"என் மிஷினு ரெண்டையும் வேன்லயே பூட்டி வச்சுட்டு நான் எதைச் சுத்த?" என்றான் சுஃபியான்.

குழுவில் இருக்கிற இன்னொருவன் சுஃபியான், விருதுநகர் வத்தல் மண்டி வீட்டுப் பையன். பழைய இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, விரலால் முன்னும் பின்னும் இழுத்து, அந்தக் கீறலிலேயே தாளம் கட்டுவான். ஊர் உலகத்தில் அதற்கு நல்ல மரியாதை உண்டு. வீட்டில்தான் கிடையாது. படிச்ச புள்ள தட்டைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருக்கே என்று அவன் அம்மா ஆசியா பீவி போகிற வருகிறவர்களிடம் அழுவார்.

பாண்டிமுருகன் யோசித்தான். பையில் பேட்டரியில் ஓடும் குட்டி ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. இதுக்குக் கரண்டே வேண்டாம்ணே என்று அதை எடுத்து நீட்டினான். அதுவரை கேட்டோடு நின்றிருந்த ராஜபாண்டியனுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கீக என்று இரண்டு பேரையும் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சோதித்தார். செல்போன் போயிற்று. பூட்ஸ் போயிற்று. பேண்ட் ஜிப் இரும்பு என்பதால் பேண்ட் போயிற்று. இசைக்குழுவின் பேரை அடித்துப் போட்டிருந்த சட்டை பாலியஸ்டர். உரசினால் பொறி வருமாம், அதுவும் போயிற்று. கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுக்கும் பருத்தி வேட்டியும் துண்டும் ஆளுக்கொன்று கொடுத்தார்.

அடுத்து கிட்டார். கரண்டு கிட்டார் வேனிலேயே கிடக்க, வேனில் கூடவே வைத்திருந்த மரக் கிட்டாரை எடுத்து வந்தான். கம்பி இரும்பு என்றார் ராஜபாண்டியன். டிரைவரை சிவகாசிக்கு விரட்டி நைலான் நரம்பு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வருவதற்குள் பூஜை முடிந்து பொரி கடலையும் கொடுத்தாயிற்று. உள்ளே சனம் நெளிந்துகொண்டிருந்தது.

ராஜபாண்டியன் நைலான் நரம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இரும்பாச்சும் கீழ விழுந்தாத்தான் பொறி. இது தடவுனாலே பொறி."

பாண்டிமுருகன் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். போச்சு, எல்லாம் போச்சு. கண் முன்னால் லாரியும் அட்டைப் பெட்டியும் வரிசையாக வந்தன. மாமா நம்ம பக்கம்தான், அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எட்டிப் பார்த்தான். மாமா சாமி படத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார். ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் மாப்ள, அவரு சொன்னா நானே கட்டுப்படணும் என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார்.

சுஃபியான் கடைசியாக ஒரு வெறும் இசைத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். கையால் சுற்றி நகத்தால் கீறுகிறேன் என்றான். அவன் தட்டைத் துண்டில் துடைத்த மாத்திரத்தில் கையில் இருந்த ரோமமெல்லாம் எழுந்து நின்றது. ராஜபாண்டியன் தட்டுக்குக் கையை நீட்டினார்.

உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டு, கலைஞர்கள் இருவரும் வேட்டி துண்டோடு, ரெண்டு கையையும் வீசிக்கொண்டு உள்ளே போனார்கள். கை தட்டலாமா என்று சுஃபியான் கேட்டான். ராஜபாண்டியன் அவன் உள்ளங்கை ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெதுவாத் தட்டுங்க."

வேப்ப மரத்தடியில் கச்சேரி நடந்தது. பாண்டிமுருகன் தன் தனிமையைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினான். மைக் இல்லாமல் பாதி வார்த்தை முன்வரிசையைத் தாண்டவில்லை. சுஃபியான் தட்டு கீறுகிற சத்தத்தை வாயாலேயே விக்கி விக்கி எடுத்தான். முன்வரிசையில் ஒரு அம்மா பதறிப்போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாவது பாட்டை எடுக்கப் பாண்டிமுருகனுக்குத் தெம்பில்லை. கும்பிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் மாமா எழுந்து வந்தார். அவன் தோளில் கை போட்டார்.

"ரொம்ப நல்லாருந்துச்சு மாப்ள. மனசுக்கு அம்புட்டு நிம்மதி. உங்கப்பாகிட்ட நானே சொல்றேன்."

பாண்டிமுருகனுக்குத் தலைகால் புரியவில்லை. நல்லாருக்கு என்று மாமா வாயாலேயே சொல்லிவிட்டாரே. இனி கிட்டாரைப் பரணில் ஏற்ற எவனுக்குத் தைரியம் வரும்? சுஃபியானைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சம் அழவும் அழுதான். கருவி ஒன்றும் இல்லாமலே மாமாவுக்கு இப்படிப் பிடித்துவிட்டதென்றால், கிட்டாரும் தட்டும் சேர்ந்திருந்தால் மனுசன் என்ன ஆகியிருப்பார்? முழுச் சத்தத்தோடு கேட்கட்டும் என்று பத்து நாளைக்கு முன்னாலேயே வாட்ஸ்ஆப்பில் பாட்டையெல்லாம் அனுப்பி வைத்தானே, வேலை மும்முரத்தில் அதைக் கேட்டிருக்கவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

ஆபீசில் டீ போடுகிற பேச்சியம்மாள் இரண்டு பேருக்கும் இலையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வைத்தாள். சந்தோசத்தில் அவளிடமும் ஒரு குறையைச் சொல்லிவைத்தான் பாண்டிமுருகன்.

"மண்டபத்துல வச்சிருந்தா எங்க பாட்டை முழுசாக் கேட்டிருப்பீகக்கா."

பேச்சியம்மாள் பொங்கல் மேல் உட்கார வந்த ஈயை விரட்டினாள்.

"முதலாளி அதைப் போன வாரமே ஆபீசுல போட்டுக் கேட்டாகளே தம்பி, கேட்டுட்டுத்தான மண்டபத்துல வேண்டாம், கம்பெனிக்குள்ள வச்சிருவோம்னாக."