கல்லறை பார்க்கப் போன வகையில் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பர் துபாய்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, நாமக்கல் கல்யாணசுந்தரம் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், என் மகன் சதீஷ்குமாரும், தங்கள் மகள் ரக்ஷிதாவும் நலம். சேலத்தில் தங்கள் சர்க்கரையும் சம்பந்தியம்மாவின் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க எங்கள் ஊர் ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்கிறேன். சர்க்கரையை முதல் வரியிலேயே விசாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. தயவுசெய்து மாத்திரை போட்டுக்கொண்டு, சாய்மானமுள்ள நாற்காலியில் உட்கார்ந்து மேற்கொண்டு படிக்கவும்.

கையில் போன் இருக்க இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். இந்த வீட்டில் நான் ஹாலில் இருமினால் உள்ளறையிலிருந்து "சுடுதண்ணி வேணுமா மாமா?" என்று குரல் வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் தங்கள் மகளைப் பற்றித் தங்களிடமே போனில் எப்படிப் பேசுவது? அதனால்தான் பால்கனியில் துணி காய்கிற கம்பிக்குக் கீழே ஸ்டூல் போட்டு எழுதுகிறேன். பேப்பரில் ஆங்காங்கே ஈரம் இருந்தால் அது சதீஷின் சட்டைத் தண்ணீர். கண்ணீர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரி ஷியாமளா எங்கள் மகளின் பிரசவத்துக்காக ஊரிலேயே தங்கிவிட்டதால் நான் தனியாக வந்து இங்கே எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரக்ஷிதா குறை வைக்கவில்லை. ஆனால் எங்களுக்குள் பேச்சு என்று பார்த்தால் "சாப்பிடலாமா மாமா", "ஏசியைக் குறைக்கட்டுமா மாமா", அவ்வளவுதான். ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறாள், காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு லேப்டாப்பிடம் இங்கிலீஷில் மட்டும் பேசுகிறாள். இப்படி இருக்கையில் மளிகைக் கடை வாசலில் தமிழில் ஒரு நோட்டீஸ்: "ஒரே நாளில் ஐயாயிரம் ஆண்டுகள்! அல் ஐன் சுற்றுலா! புராதனக் கல்லறைகள், ஈச்சந்தோப்பு, வெந்நீர் ஊற்று, மலையுச்சி! சொகுசுப் பேருந்து, தமிழ் வழிகாட்டி, மதிய உணவு, எல்லாம் மலிவு விலையில்!" நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்ற தங்கள் மகள், "போலாம் மாமா" என்றாள். கேள்வியே இல்லை, முடிவுதான். மூன்று பேருக்கும் இடம் போட்டோம். கிளம்புகிற அன்று காலையில் சதீஷுக்கு டியூட்டி என்று போன் வந்துவிட, மாமனாரும் மருமகளும் மட்டும் போய் நின்றோம்.

சொகுசுப் பேருந்து என்று வந்தது ஒரு வெள்ளை வேன். சம்பந்தி, நான் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். எந்த வண்டியில் ஏறினாலும் என் கண் தானாகத் தலையை எண்ண ஆரம்பித்துவிடும். சதீஷின் சீட்டைத் தவிர சீட்டுக்கு ஒரு தலை, வண்டி நிறைந்திருந்தது. ஏசி முதல் வரிசைக்கு மட்டும் வந்தது, மற்றவர்கள் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தோம். வழிகாட்டி கலீலுர் ரஹ்மான் நல்ல மனுஷர், கீழக்கரைக்காரர், வாரநாட்களில் இங்கே தேரா பஜாரில் ஏலக்காய்க் கடையில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சரித்திரம். மைக்கைப் பிடித்து, "இங்க எல்லாமே ரொம்பப் பழசு, அதான் முக்கியம்" என்று ஒரே வரியில் முன்னுரையும் முடிவுரையும் சொல்லி, முதலில் பேரீச்சம்பழக் கடையில் நிறுத்தினார். அடுத்தது அத்தர் கடை. அதற்கடுத்து ஒட்டகப்பால் சாக்லேட் கடை. ஒவ்வொரு கடையிலும் முதலாளி கலீலுரைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். ஈச்சந்தோப்பில் நிழல் நன்றாக இருந்தது, நின்று அனுபவிப்பதற்குள் "யல்லா, யல்லா" என்று விரட்டி ஏற்றிவிட்டார்கள். ரக்ஷிதா ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரே கேள்வி கேட்டாள்: "அண்ணா, கல்லறை எப்போ?" "அதான்மா அடுத்தது."

அடுத்தது வந்தது. மலையடிவாரத்தில், ஒரு புதர்கூட இல்லாத பொட்டலில் வேன் ஓரங்கட்டி நின்றது. எங்களுக்குப் பின்னால் அதே மாதிரி இன்னொரு வெள்ளை வேனும் வந்து நின்றது. கலீலுர் மைக்கில், "எல்லாரும் இடது பக்கம் பாருங்க, தூரத்துல கல்லுக் குவியல் தெரியுதா? அதான் கல்லறை. போட்டோ எடுக்கிறவங்க இறங்கி எடுத்துக்கங்க, சட்டுனு ஏறிக்கங்க" என்றார். ரக்ஷிதா அவரிடம் போய், "கிட்டப் போய்ப் பாக்கணும் அண்ணா" என்றாள். "டைம் மாஃபி சிஸ்டர், நேரமே இல்ல. சாப்பாடு ஆறிப்போயிரும்." "நான் சாப்பிட வரல. இதைப் பாக்கத்தான் வந்தேன்." அவர் சாப்பாட்டுக்காரரோடு போனில் இருந்ததால் பொதுவாகத் தலையை ஆட்டினார். அவர் போனுக்கு ஆட்டினாரா, இவளுக்கு ஆட்டினாரா என்பது இன்றுவரை தெரியாது. இவள் என் பக்கம் திரும்பி, "மாமா, இறங்குங்க" என்றாள். சம்பந்தி, அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. டிப்போ மேனேஜர் சொன்னால்கூட யோசிப்பேன், இதற்கு உடனே இறங்கிவிட்டேன்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். அவள் முன்னால் விறுவிறு என்று போகிறாள், நான் செருப்புக்குள் ஜல்லியோடு பின்னால் ஓடுகிறேன். கிட்டப் போனால் ஆள் உயரத்துக்குமேல் கல்லை அடுக்கி, கவிழ்த்த பானை மாதிரி கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை, கல்மேல் கல், நிற்கிறது. உள்ளே நுழையக் கூடாது என்று பலகை இருந்ததால் ரக்ஷிதா வாசலில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். "நீங்களும் பாருங்க மாமா" என்றதும் நானும் மண்டியிட்டேன். "இதுக்குள்ள ஈராக் பக்கம் செஞ்ச சின்னச் சின்னப் பானை கிடைச்சிருக்கு மாமா. செத்தவங்களோட வச்சிருக்காங்க. யாரோ அவ்ளோ தூரத்திலேருந்து தூக்கிட்டு வந்திருக்காங்க." "அப்பவே இந்த ஊருக்கு வெளியூர்ச் சரக்குதானா!" என்றேன். தங்கள் மகள் சிரித்தாள் சம்பந்தி, வாய்விட்டு. கல்யாணமாகி இத்தனை நாளில் என் பேச்சுக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் குனிந்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, நான் கல்லைப் பிடிக்கப் போக, "கல்லைத் தொடாதீங்க மாமா!" என்று அவள் கத்த, நான் கையை எடுக்க, இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்தோம். ஐயாயிரம் வருஷக் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பேண்ட்தான் கிழிந்தது.

நொண்டிக்கொண்டு திரும்பினால், வேனைக் காணோம்.

அவள் கைப்பை, போன் எல்லாம் வேனில். என் போனுக்கு வீட்டு வைஃபை இல்லாமல் உயிர் கிடையாது. ஆயுசு முழுக்க மற்றவர்களை நடுரோட்டில் இறக்கிவிட்ட எனக்கே இந்தக் கதியா என்று நின்றேன். வழிகாட்டி தலையை எண்ணாமலா கிளம்பியிருப்பான்? அப்போதுதான் கவனித்தேன், பின்னால் வந்த வேன் மட்டும் அங்கேயே நிற்கிறது. அதன் மலையாளி டிரைவர் பித்துப்பிடித்தவர் மாதிரி "ரண்டு பேரைக் காணுனில்லா!" என்று மலையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது சம்பந்தி! இங்கே ரெண்டு தலை குறைகிறது என்றால் எங்கள் வேனில் ரெண்டு தலை கூட. நாங்கள் ரெண்டு குறைய, கூட்டிக் கழித்தால் கணக்குச் சரி. கலீலுர் எண்ணித்தான் கிளம்பியிருக்கிறான், முகத்தைத்தான் பார்க்கவில்லை. டிரைவரிடம், "உங்க ஆளுங்க எங்க வண்டியில இருக்காங்க, எங்களை ஏத்திக்கிட்டு வெந்நீர் ஊத்துக்கு விடுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. ரக்ஷிதா ஏறிக் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு, "போங்க சேட்டா" என்றாள். போனார்.

வெந்நீர் ஊற்றில் எங்கள் கோஷ்டி வரிசையாகக் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு வயசான அம்மாவும் மகளும். அந்த அம்மா மடியில் என் பங்கு எலுமிச்சைச் சாதப் பொட்டலம், பாதிக்குமேல் காலி. மகள் சப்ரீனா, கண்டிக்காரப் பெண், என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "ஐயோ அங்கிள், நாங்க எங்கட வேன் எண்டுதான் ஏறின. சாப்பாடெல்லாம் தந்த, நல்லாக் கவனிச்ச, நாங்களும் இருந்திட்டம்." கலீலுர் ரஹ்மானின் முகம் ஏலக்காய்ப் பச்சைக்குப் போய்விட்டது. "சார், நான் எண்ணினேன் சார், அல்லா மேல சத்தியமா எண்ணினேன்" என்கிறார். எனக்கு என்ன வந்ததோ, நேராக வேனில் ஏறி, பழைய குரலில், "டிக்கெட் எல்லாம் எடுங்க!" என்றேன். சம்பந்தி, காலை நனைத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஓடிவந்து சட்டைப் பையைத் தடவினார்கள். டிரைவர்கூட லைசென்ஸை நீட்டினார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியதில்லை. எல்லாரும் கூடிவிட்டார்களா, ரக்ஷிதா படிக்கட்டில் ஏறி நின்றாள். "அடுத்து மலையுச்சிக்குப் போறோம். செல்ஃபி எடுப்போம், வீட்டுக்குப் போவோம். ஆனா நோட்டீஸ்ல முதல்ல போட்டிருந்தது கல்லறை. அதை உங்கள்ல யாருமே கிட்டப் போய்ப் பாக்கல. நான் பாத்துட்டேன், நீங்களும் பாக்கணும்" என்றாள். "பிணம் வச்ச இடத்தை என்னத்தைம்மா பாக்குறது?" என்றது ஒரு குரல். அவள் கோபப்படவில்லை. யார் அவர்கள், எப்படிப் புதைத்தார்கள், கழுத்தில் போட்டிருந்த மணி எப்படி இருக்கும், செம்பு எந்த மலையிலிருந்து வெட்டி எந்தக் கடல் வழியாகப் போனது என்று அந்தப் படிக்கட்டிலேயே நின்று சொன்னாள். பொட்டலம் பிரித்தவர்கள் பிரித்தபடி நின்றார்கள். முதலில் கைதூக்கியது என் சாதத்தைச் சாப்பிட்ட அம்மாதான். "எங்களுக்கும் காட்டுங்கோ மகள்." வேறு வேன்காரி ஓட்டுப் போடலாமா என்று நான் சட்டம் பேசவில்லை. எங்கள் வேன் டிரைவர் முணுமுணுத்தார், கலீலுர் அவர் தோளைத் தட்டி, "கலாஸ் பாய், பேச்சு முடிஞ்சுது, திருப்பு வண்டியை" என்றார்.

ரெண்டு வேனும் திரும்பிப் போயின. வெயில் சாய்ந்துவிட்டது, கல்லெல்லாம் பழுப்பு வெல்லம் மாதிரி நிறம் மாறியிருந்தது. தங்கள் மகள் முன்னால் நடந்து சொல்லிக்கொண்டே போக, அவ்வளவு கூட்டமும் சத்தமில்லாமல் பின்னால் போனது. கலீலுர் வாசலில் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "எத்தனையோ ட்ரிப் அடிச்சிட்டேன் சார், கிட்ட வந்து பாத்தது இன்னிக்குத்தான்" என்றார். மலையுச்சி போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

திரும்பும் வழியில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். "இதெல்லாம் எங்கேம்மா படிச்சே?" என்றேன். "நானா படிச்சேன் மாமா. காலேஜுக்கு அப்புறம் தொல்லியல் படிக்கணும்னு ஆசை. எம்பிஏ சேர்ந்துட்டேன்." கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "இப்ப தஞ்சாவூர்ல சேர நினைக்கிறேன். ரெண்டு வருஷம். ஹாஸ்டல்ல இருந்து படிக்கணும், குழி தோண்டுற இடத்துல போய்த் தங்கணும். சதீஷ் சரின்னுட்டார்" என்றாள். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

ஆகவே சம்பந்தி, பெண்ணைப் பெற்றவர் என்ற முறையில் தாங்கள் கோபப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும். "புருஷன் துபாயில், பெண்டாட்டி தஞ்சாவூரில் குழிக்குள்ளயா?" என்பீர்கள். ஆமாம், குழிக்குள்ளதான். "ஊர் என்ன பேசும்?" என்பீர்கள். பேசுறவங்க எல்லாம் நம்ம வீட்டுக்கு அரிசி வாங்கித் தர்றாங்களா? "நல்ல வேலையை விடுவதா?" என்பீர்கள். அந்த லேப்டாப்போடு அவள் பேசுகிற குரலையும் அந்தப் பொட்டலில் பேசிய குரலையும் நான் கேட்டுவிட்டேன், தாங்கள் கேட்கவில்லை. தாங்கள் சம்மதிக்காவிட்டாலும், நான் போய் அட்மிஷன் வரிசையில் நிற்பேன், ஷியாமளாவையும் நிற்க வைப்பேன். லீவு நாளில் அவள் நாமக்கல்லுக்கு வருவாள், எங்கள் மாடி அறையை இப்போதே காலி செய்யச் சொல்லிவிட்டேன். இதில் நான் பின்வாங்குவதாக இல்லை. தாங்கள் என்னை எவ்வளவு திட்டினாலும் சரி, அவளை மட்டும் போனில் ஒரு சொல் சொல்லிவிட வேண்டாம் என்று இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். வீட்டில் உள்ள குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்கள் இல்லத்தில் சகல மங்களமும் குறைவின்றி நிலைக்க வேண்டும் என்று கோருகிற, தங்கள் பதிலுக்குச் சற்றே பயந்தபடி காத்திருக்கிற,

கல்யாணசுந்தரம்.

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது ரக்ஷிதா டீயோடு பால்கனிக்கு வந்துவிட்டாள். மறைக்க முடியவில்லை, படித்துவிட்டாள். "அப்பாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும் மாமா. விண்ணப்பமே அவர்தான் வாங்கி அனுப்பினார். உங்களுக்குத்தான் கடைசியா சொல்றோம்னு சொல்ல முடியாமத்தான் அன்னிக்கு ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் அப்பா, நான், சதீஷ் மூணு பேரும் பயந்துட்டிருந்தோம். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆச்சே, சம்பந்தி சண்டைக்கு வந்துடுவாரோன்னு அப்பாவுக்குத் தூக்கமே இல்ல" என்கிறாள். நல்லா இருக்கு சம்பந்தி! இவ்வளவு ஆவேசத்தையும் நான் யாரிடம் காட்டுவது? கை வலிக்க எழுதியதைக் கிழிக்க மனசில்லை, தபாலில் சேர்க்கிறேன். தாங்களும் ஒன்றும் தெரியாதவர் போல முதலில் கொஞ்சம் மறுத்து, பிறகு என் வார்த்தைக்குக் கட்டுப்பட்டுச் சம்மதித்ததாக ஒரு பதில் எழுதிப் போடவும். ஷியாமளாவிடம் காட்ட வேண்டும்.