மூன்று கொட்டேஷனும் தேவகியின் கம்ப்யூட்டரும்

ஒரு உண்மையை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். மூன்று கடையில் விலை கேட்காமல் என்னால் ஒரு கட்டுக் கீரைகூட வாங்க முடியாது. இது கஞ்சத்தனம் இல்லை, தொழில். (என் மனைவி இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும்.) ஒரகடத்தில் கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே நாலு போல்ட் வாங்குவதானாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, கட்டம் போட்ட ஒப்பீட்டுத் தாளில் வரிசையாக எழுதி, யார் விலை குறைவோ அவருக்கு ‘எல்-ஒன்’ என்று பட்டம் சூட்டி, பிறகு அவரிடமே இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு இருபத்தைந்து வயது. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். அந்த ஒப்பீட்டுத் தாளின் மேல் எனக்கு இருந்த பக்தி, பக்கத்து ஊர் வல்லக்கோட்டை முருகன் மேல்கூட இருந்ததில்லை. உலகத்தில் எந்தப் பிரச்சினையையும் கட்டம் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று மனதார நம்பினேன்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த நான் வடக்குப்பட்டில் ஏகாம்பரம் ஐயாவின் லைன் வீட்டில் குடியிருந்தேன். வரிசையாக எட்டு அறை, எதிரே அவர் வீடு. தொழிற்பேட்டைக்கு நிலத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தில் இந்த எட்டு அறையைக் கட்டியவர். அவருடைய மகள் தேவகி பி.காம். முடித்துவிட்டு ஒரு கிடங்கில் காண்ட்ராக்ட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். “திங்கக்கிழமையிலேர்ந்து வர வேணாம்” என்று எந்த வெள்ளிக்கிழமையும் சொல்லிவிடக்கூடிய வேலை. அந்தச் சமயத்தில் எங்கள் தொழிற்சாலையிலேயே கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். கம்பெனியின் நேரடி வேலை. அதற்கு முதலில் ஒரு தேர்வு. வீட்டிலிருந்தபடியே கேமரா உள்ள கம்ப்யூட்டரில் எழுத வேண்டும், செல்போனில் முடியாது, ஒரே வாய்ப்பு. இந்த வேலை கிடைத்தால் இரண்டு வருடத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று ஏகாம்பரம் ஐயா மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கிடைக்காவிட்டால் அந்த ஐப்பசியே முகூர்த்தம். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

தேர்வுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது ஐயா என் அறை வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, நீ பர்ச்சேஸ்ல தானே கீற? கோடிக்கணக்குல வாங்கறவன். என் பொண்ணுக்கு ஒரு கம்ப்யூட்டரு வாங்கிக் குடு. நான் போனா தலையில மொளகா அரைச்சிடுவானுங்க.”

“இதென்னய்யா பெரிய விஷயம்? எங்கிட்ட விட்ருங்க” என்றேன். விடாமலிருந்திருக்கலாம்.

ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? ஸ்ரீபெரும்புதூருக்குப் போவான், முப்பதாயிரம் சொச்சத்தில் எல்லோரும் வாங்கும் லேப்டாப் ஒன்றை வாங்கி, பையோடு பஸ் ஏறுவான். நான் அப்படியா? எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பாபுவிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: “கம்ப்யூட்டர ஓட்டற விண்டோஸுக்கு நீ குடுக்கறது தனிக் காசு மச்சி. அதே வேலையச் செய்யற லினக்ஸ் சும்மா. லினக்ஸ் போட்டே விக்கறானுங்க, அத வாங்கு.”

சும்மா! ஒரு பர்ச்சேஸ்காரனின் காதில் விழக்கூடாத சொல் அது. விலையில் ஒரு பகுதி விண்டோஸுக்குப் போகிறது, அது இல்லாவிட்டால் அந்தப் பகுதி மிச்சம் என்று மனதுக்குள்ளேயே கழித்துப் பார்த்து, ஏகாம்பரம் ஐயா குடும்பம் என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் காட்சி வரை போய்விட்டேன்.

லினக்ஸ் மட்டுமே போட்டு விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தை இணையத்தில் தேடிப் பிடித்தேன். விலையைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். விண்டோஸ் உள்ள சாதாரண லேப்டாப் முப்பத்திரண்டாயிரம். இலவசச் சரக்கு உள்ள இது முப்பத்தொன்பதாயிரம். போனைப் போட்டேன்.

“சார், லினக்ஸ் இலவசம்தானே?”

“ஆமா சார்.”

“அப்போ மத்தவங்களவிட ஏழாயிரம் ஏன் கூட?”

அந்த மனிதர் பொறுமையானவர். “அவங்க லட்சக்கணக்குல பாகம் வாங்கறாங்க சார். நாங்க நூறு மெஷினுக்கு வாங்கறோம். அதோட, புது லேப்டாப்ப தொறந்தா நாலஞ்சு புரோகிராம் தானா வந்து நிக்கும் பாருங்க, அத உள்ள வைக்கறதுக்கு அவங்களுக்குத் தனியா காசு வருது. எங்களுக்கு யார் சார் குடுப்பா?”

அளவு கூடினால் விலை குறைய வேண்டும் என்று தினமும் பத்து பேரிடம் மேஜையைத் தட்டிப் பேசுகிறவன் நான். அளவு குறைந்தால் விலை கூடும் என்பது மட்டும் அன்று புரியவில்லை.

“சரி சார், அந்த லினக்ஸ எடுத்துட்டுக் குடுத்தா எவ்வளவு?”

“அதே வெலதான் சார். அது இலவசம் சார்.”

அத்தோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் பெரிய கம்பெனிகளே ஒரே மாடலை விண்டோஸ் போட்டு ஒரு விலைக்கும், லினக்ஸ் போட்டு ஒரு விலைக்கும் விற்கின்றன என்று கண்டுபிடித்தேன். லினக்ஸ் போட்டது நாலாயிரம் குறைவு. துள்ளிக் குதித்துப் பார்த்தால் அதில் மெமரி பாதிதான். மீதி மெமரிக்குத் தனி விலை. அதைச் சேர்த்தால் லாபம் கரைகிறது. வாரன்ட்டியைச் சேர்த்தால் திரும்ப வருகிறது. நாலு கட்டத்தில் ஆரம்பித்த தாள் பதினொரு கட்டமானது. இதற்குள் விலைகள் தினம் ஒன்றாக மாறின. காலையில் எல்-ஒன்னாக இருந்தது சாயங்காலம் எல்-மூன்று. ஸ்ரீபெரும்புதூர்க் கடைக்காரர் ஒருவரிடம், பத்து நாள் செல்லுபடியாகும்படி லெட்டர்ஹெட்டில் கொட்டேஷன் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒரே ஒரு லேப்டாப்புக்கா? வாங்கறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி வூட்டுக்குப் போ நைனா.”

இந்த மூன்று வாரத்தில் தேவகி மூன்று முறை என்னிடம் வந்தாள். கையில் தேர்வுக்கு வந்த மெயிலை அச்செடுத்த தாள்.

“அண்ணா, கம்ப்யூட்டரப் பத்தி இதுல என்னமோ போட்டிருக்காங்க. ஒரு தபா பாத்துடுங்களேன்.”

“அது டெக்னிக்கல்மா. மொதல்ல கமர்ஷியல், வெல வெவகாரம் முடியட்டும்.” (எழுதும்போதே காது சுடுகிறது. சத்தியமாக இப்படித்தான் சொன்னேன்.)

பத்தொன்பதாம் நாள் முடிவு எடுத்தேன். லினக்ஸ் போட்ட மாடல், கூடுதல் மெமரியோடு இருபத்தெட்டாயிரத்து அறுநூறு. வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. தொழிற்சாலைக்குச் சரக்கு வந்தால் சோதித்து எடுப்பதுபோல், டேப்பை வைத்துத் திரையைக் மூலைக்கு மூலை அளந்தேன். ஏகாம்பரம் ஐயா கற்பூரம் காட்டி, மூடியில் குங்குமம் வைத்தார். மிஷின் பிரமாதமாக ஓடியது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவகி வந்தாள். “அண்ணா, டெஸ்ட்டுக்கு அனுப்பின சாஃப்ட்வேர் தொறக்கவே மாட்டேங்குது.”

“புது மிஷின்லா, அப்படித்தான் இருக்கும். காலைல வந்து ரெண்டே நிமிசத்துல போட்டுத் தாரேன்.”

சனிக்கிழமை பத்து மணிக்குத் தேர்வு. பத்தரைக்குள் உள்ளே நுழையாவிட்டால் கதவை மூடிவிடுவார்கள். ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தேன். ரெண்டு நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. ஐந்தாவது முறையும் அது திறக்காதபோது, தேவகி அந்தத் தாளை என் முன்னால் வைத்தாள். இரண்டாவது வரியிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது: விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் மட்டுமே இயங்கும்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பொருள் வேண்டுமானாலும், அதைப் பயன்படுத்தப்போகிறவர் என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இன்டென்ட் என்று பெயர். அது இல்லாமல் பர்ச்சேஸில் யாரும் போனைக்கூட எடுக்கக் கூடாது. நான் பதினொரு கட்டம் போட்டிருந்தேன். அதில் ‘எதற்கு’ என்று ஒரு கட்டம் இல்லை. போதாததற்கு, தேர்வு நடத்தும் ஆட்கள் என் மேஜையிலிருந்து இருபதடி தள்ளி, மாடிப்படிக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் எழுந்து போய்க் கேட்டிருந்தால் போதும். இப்போது கேட்கலாம் என்றால் சனிக்கிழமை, அந்த அறை பூட்டு.

“மூணு தபா கொண்ணாந்தேன் அண்ணா” என்றாள் தேவகி. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒரகடம் கூட்டுரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போன் செய்தேன். கேமரா இல்லை என்றார்கள். தேவகியின் தோழிக்குப் போன் செய்தோம். அவள் லேப்டாப்பை அண்ணன் எடுத்துக்கொண்டு போயிருந்தான். அப்போதுதான் ஏகாம்பரம் ஐயா, “அஞ்சாம் நம்பர் ரூம்ல ராவெல்லாம் படம் ஓடிக்கினு கெடக்குமே, அது இன்னாது?” என்றார்.

ஐந்தாம் நம்பரில் இருந்தவன் இசக்கிமுத்து. திருநெல்வேலிக்காரன். அந்த வாரம் நைட் ஷிப்ட். முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்தான். தட்டி எழுப்பி விஷயத்தைச் சொன்னோம். பாதிக் கண்ணைத் திறந்து லேப்டாப்பை எடுத்து நீட்டினான். விண்டோஸ்!

ஐயா வீட்டுக்குள் கொண்டுபோய் சாஃப்ட்வேரை இறக்கினால், இடம் போதவில்லை என்று நின்றுவிட்டது. உள்ளே முழுக்கச் சினிமா. மணி ஒன்பது ஐம்பது. எதையாவது அழித்தாக வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எந்தப் படம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்த ஆரம்பித்தேன்.

“எண்ணே, அத அழிச்சிராதிய, இன்னும் பாக்கல” என்றான் இசக்கிமுத்து. “சரி, அப்போ இத எடுத்தா?” “அய்யய்யோ, அது கிடைக்கவே செய்யாதுண்ணே.” நானும் அவனும் ஒவ்வொன்றாக எடைபோட்டுக்கொண்டிருந்தோம்.

தேவகி என்னைக் கையால் தள்ளிவிட்டு மவுஸைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து, அழித்தாள். இசக்கிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். சாஃப்ட்வேர் இறங்கியது, நின்றது, நகர்ந்தது. அவள் உள்ளே நுழைந்தபோது மணி பத்து இருபத்தாறு. தொண்ணூறு நிமிடத் தேர்வில் இருபத்தாறு நிமிடம் என் புண்ணியத்தில் போயிற்று.

அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பதால் நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். ஐயா ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினார், பக்கத்து அறைக்காரரின் மிக்ஸியை நிறுத்தினார், நாயைத் துரத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏன் தம்பி, மூணு வாரமா இன்னாத்த கம்பேர் பண்ண?”

ஒப்பீட்டுத் தாள் அப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. பேச்சை மாற்ற, இசக்கிமுத்துவிடம் மெதுவாகக் கேட்டேன். “நீ எத்தன கடைல விசாரிச்ச?”

“எதுக்குண்ணே? சம்பளம் வந்துச்சு, போனேன், ஆபர்ல கெடந்துச்சு, தூக்கிட்டு வந்துட்டேன். இருவத்தெட்டாயிரத்துக்கு ஒரு ரூவா கம்மி. பையும் மவுசும் சும்மா குடுத்தான்.”

சும்மா. மறுபடியும் அந்தச் சொல். என் எல்-ஒன்னைவிட அறுநூற்றியொரு ரூபாய் குறைவு.

தேவகி தேறிவிட்டாள். பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயர். நேர்முகத்திலும் வென்று, ஆவணி பிறந்ததும் எங்கள் கணக்குப் பிரிவில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைப்பாக்கத்து மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். நானும் பாவம் கழிந்தது என்று நிம்மதியாக இருந்தேன், ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டு: பர்ச்சேஸின் எல்லா பில்லும் கணக்குப் பிரிவு பார்த்துத்தான் பாஸாக வேண்டும். இந்த ஆறு வருடத்தில் என் கோப்புகள் எத்தனை திரும்பி வந்திருக்கின்றன என்று நான் சொல்லப்போவதில்லை. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் அழகான கையெழுத்தில் இருக்கும்: ‘கேட்டீர்களா?’

இசக்கிமுத்துவின் லேப்டாப் இரண்டே வருடத்தில் படுத்துவிட்டது. நான் வாங்கிய லினக்ஸ் மிஷின் இன்றைக்கும் தேவகி வீட்டில் பூப்போல ஓடுகிறது. இதைப் பெருமையாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தால் ஒருவரும் விடுவதில்லை.

மூன்று வருடம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அப்பா இல்லாத குறைக்கு ஏகாம்பரம் ஐயா பெரிய மனிதராகக் கோவில்பட்டி வரை கூட வந்தார். பெண் வந்து காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எங்கள் வீட்டுப் பெண்கள் நிறம், உயரம், படிப்பு, நகை என்று பேச ஆரம்பித்தார்கள். “இன்னும் ரெண்டு எடம் பாத்துட்டு முடிவு சொல்லலாமே” என்று நான் அம்மாவின் காதில் கிசுகிசுத்தேன். கூடம் நிறைய ஆள் இருக்கும்போது ஐயாவின் குரல் கேட்டது.

“தம்பி, நீ கம்பேர் பண்றதெல்லாம் அப்பால. மொதல்ல அந்தப் பொண்ணாண்ட கேட்டியா?”

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது.

“கேக்கல.”

அந்தக் குரலோடுதான் இப்போது குடித்தனம் நடத்துகிறேன். மூன்று கடை ஏறி இறங்கி, வேர்க்க விறுவிறுக்க நான் எதை வாங்கிக்கொண்டு வந்து நின்றாலும், பையைத் திறந்து பார்க்கும் முன்பே அவள் அதே ஒரு வார்த்தையைச் சொல்கிறாள்.