பிள்ளையாருக்கு வந்த மாறுதல் ஆணை

அரசு ஊழியனாக இத்தனை வருஷத்தில் நான் ஒரே ஒரு போலி ஆணைதான் தயாரித்திருக்கிறேன். அதுவும் பிள்ளையாருக்கு. ஓய்வு பெற இன்னும் ஏகப்பட்ட வருஷம் பாக்கி இருப்பதால் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து பைக்கில் அரை மணி நேரம் உள்ளே போனால் வரும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். (எதுவென்று கண்டுபிடித்துவிட்டால் தயவுசெய்து மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.)

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திருநாவலூர் பக்கத்துக்காரன். கணக்கு வாத்தியாராக முதல் போஸ்டிங். நெற்றி நிறைய விபூதி, காலில் பளபளவென்று புது ஷூ, இந்த மலையைத் திருத்தியே தீருவது என்கிற முகம். அந்த முகத்தோடு ஏறின மூன்றாவது மாதம் அரையாண்டுத் தேர்வு வந்தது. பத்தாம் வகுப்பில் முப்பத்தோரு பேர். பத்தொன்பது பேர் கணக்கில் ஃபெயில். வேறு யாராக இருந்தாலும், நாம் நடத்தின லட்சணம் அப்படியோ என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்கள். எனக்கு அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் கிடையாது. பிள்ளைகளுக்கு தெய்வபக்தி போதவில்லை என்று கண்டுபிடித்தேன்.

நேராகத் தலைமையாசிரியை ஜெசிந்தா டீச்சரிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு காலண்டர் படம்கூட மாட்டினதில்லை.

"மேடம், வளாகத்துல ஒரு பிள்ளையார் வெச்சி, தினம் காலைல பதினஞ்சு நிமிஷம் பக்தி வகுப்பு நடத்தலாம்னு இருக்கேன்."

வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆர்டர் இருக்கா?" என்றார்.

"சாமி கும்பிட எதுக்கு மேடம் ஆர்டர்?"

"வூட்ல கும்பிட ஆர்டர் வேணாம் சார். இது கவர்மென்ட் ஸ்கூலு. இங்க ஒரு பீரோ கொண்ணாந்து வெக்கறதுக்கே ஆர்டர் கேக்கறாங்க."

நான் ஒரு மாதிரி சிரித்தேன். உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்கிற சிரிப்பு. (அந்தச் சிரிப்புக்காக என்னை நானே பளார் என்று ஒன்று விட வேண்டும் என்று இப்போதும் தோன்றும்.) டீச்சர் அதைப் பார்த்தார். பேனாவை மூடினார். "உங்க இஷ்டம் சார். நான் வேணாம்னு சொன்னா அது வேற பேச்சா ஆயிடும்" என்றார்.

கள்ளக்குறிச்சியில் ஓர் அடி உயரத்துக்குக் கருங்கல் பிள்ளையார் ஒன்று வாங்கி, மலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, டீச்சர் மீட்டிங்குக்குப் போன நேரம் பார்த்து, சத்துணவுக் கூடத்துக்கு எதிரே பலாமரத்தடியில் செங்கல் அடுக்கி உட்கார வைத்தேன். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, தெரிந்த நாலு பாட்டைத் தெரியாத ராகத்தில் பாடிக்கொண்டிருந்தபோது ஊர்க்கவுண்டர் வந்தார். அந்த மலை ஊர்களில் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் வார்த்தை ஊர்க்கவுண்டருடையதுதான். அதோடு அவர் எங்கள் பத்தாம் வகுப்பு பூங்கொடியின் அப்பா. பாஸான அந்தப் பன்னிரண்டு பேரில் முதல் மார்க் பூங்கொடி. அது பாஸ் பண்ணினால் அந்த ஊரில் பத்து முடித்த முதல் பெண்.

"இன்னா சார், சாமி வந்துட்டாரா?"

"வந்துட்டாருங்க."

"நெஜமாவே வந்துட்டாரா, சும்மா பொம்மையாட்டம் வெச்சிகினு இருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "இன்னாங்க இப்டி கேட்டுட்டீங்க? மொறைப்படி பிரதிஷ்டை பண்ணியிருக்கேன்."

"அப்ப செரி" என்று கும்பிட்டுவிட்டு, என் ஷூவைப் பார்த்தார். "இனிமே இது கோயிலு. கோயிலுக்கு இன்னா உண்டோ அத்தினியும் நடக்கணும்."

ஆஹா, வந்த மூன்று மாதத்தில் ஓர் ஊரையே பக்தி மார்க்கத்துக்குத் திருப்பிவிட்டோமே என்று எனக்கு ஒரே பூரிப்பு. அவர் சொன்னதில் இருந்த வித்தியாசம் எனக்கு அன்று உறைக்கவில்லை. அந்த மனுஷர் சாமியை நிஜமாக நம்பினார். நான் ரிசல்ட்டுக்காகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

திங்கட்கிழமை முதல் கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும் என்று ஆனது. இரண்டாம் நாள் என் ஷூவில் ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போனது. மறுவாரம் சத்துணவு சமையலக்கா, "சாமி கண்ணு எதுரால முட்டை வேக வெக்க மாட்டேன் சார்" என்றார். அவர் வீட்டில் வேக வைத்துக் கூடையில் எடுத்துவந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். பிள்ளைகள் சாதத்தை உள்ளே தின்றுவிட்டு, முட்டைக்கு மட்டும் வெளியே ஓடும். முட்டை தின்ற வாயோடு உள்ளே வரக்கூடாது என்பதால் குழாயடியில் கொப்பளிக்க அரை மணி நேரம் வரிசை. ஐந்தாவது பீரியட் கணக்கு. அது கொப்பளிப்பிலேயே போய்விடும். நானோ, ஒழுக்கம் வளர்கிறது என்று டைரியில் எழுதினேன்.

பக்தி வகுப்பு நடக்கும் பதினைந்து நிமிஷமும் ஜெசிந்தா டீச்சர் வராண்டாவில் வருகைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்பார். ஒரே பக்கம். ஒரு நாள்கூட அந்தப் பக்கத்தைப் புரட்டினதில்லை.

அந்தப் பதிவேட்டில்தான் எனக்கான ஆப்பு இருந்தது. மூத்த வகுப்புப் பெண்கள் ஆளுக்கு ஐந்து நாள் என்று வராமல் போக ஆரம்பித்தார்கள். முதல் திருப்புதல் தேர்வுக்குப் பூங்கொடியே வரவில்லை. "பொம்பளப் புள்ளைங்களுக்குப் படிப்புல அக்கறையே போச்சு, காலைல சாமி கும்புட்டும் புத்தி வரலயே" என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தினேன். பெண்கள் வரிசை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. வெட்கப்படுகிறார்கள், திருந்திவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அறிவியல் செய்முறைத் தேர்வு ஒரு வியாழக்கிழமை. அது பொதுத்தேர்வில் சேர்த்தி. வராவிட்டால் ஆப்சென்ட், ஆப்சென்ட் என்றால் ஃபெயில். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை பூங்கொடி வரவில்லை. சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன்.

வீட்டுக்குப் பின்னால் தள்ளி ஒரு சின்னக் குடிசை. அதன் வாசலில் உட்கார்ந்து பூங்கொடி அறிவியல் நோட்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊர்க்கவுண்டரைப் பார்த்து, "நல்லா படிக்கற புள்ளய வூட்ல குந்த வெச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு தகப்பனா?" என்றேன்.

அவர் முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். பூங்கொடியின் அம்மாதான் முன்னால் வந்தார். "மாசத்துல அஞ்சு நாளு சார். அப்ப கோயில் எல்லைக்குள்ள கால் வெக்கக் கூடாது."

"கோயிலுக்குப் போவ வேணாம்மா. ஸ்கூலுக்கு வரலாமே?"

"வந்துக்கினுதான் சார் இருந்தா. நீங்க சாமிய கொண்ணாந்து வெக்கற வரைக்கும் ஒரு நாளுகூட நின்னதில்ல."

எங்கள் வீட்டிலும் அம்மா மாதம் மூன்று நாள் பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள். இருபத்தாறு வருஷம் அதைப் பார்த்து வளர்ந்தவன், அது அம்மாவுக்கு ரெஸ்ட் என்று நினைத்திருந்தேன். பி.எட். வேறு படித்திருக்கிறேன். அசிங்கமாக இருந்தது.

"சார், நா கேட்டுக்கு அந்தாண்ட நின்னு எழுதட்டா?" என்று குடிசை வாசலிலிருந்து பூங்கொடி கேட்டது. முட்டையைக் கூடையில் வைத்து வெளியே அனுப்பின மாதிரி ஆய்வகத்தை அனுப்ப முடியுமா? ஆசிட் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்கச் சொன்னால் தேர்வு நடத்த வருகிறவர் என்னைத்தான் முதலில் பிடித்துக் கொடுப்பார்.

"நாளைக்கே சாமிய எடுத்துடறேங்க" என்றேன்.

ஊர்க்கவுண்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எடுத்துருவீங்களா? சாமி இன்னா பெஞ்சா, தூக்கி அப்பால போடறதுக்கு? ஊருக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். "என் பொண்ணு பாஸாவணும்னு எனக்கு இல்லியா சார்? ஃபெயிலாச்சின்னா கட்டிக் குடுங்கன்னு இப்பவே கேட்டுக்கினு இருக்காங்க. சாமி விஷயத்துல நா ஒருத்தன் சொன்னா ஊரு கேக்காது. அவருக்கு மேல இருக்கறவங்க யாராவது சொன்னாத்தான் உண்டு."

பிள்ளையாருக்கு மேல் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபடியே புதன்கிழமை காலை டீச்சர் முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"ஆர்டர் இல்லாம வந்தவரு" என்றார். "ஆர்டர் போட்டு அனுப்புங்க."

"நீங்க ஒரு கையெழுத்து மேடம்..."

"நான் போட்டா, பிள்ளையாரைத் தொரத்தின ஜெசிந்தான்னு காலத்துக்கும் பேரு நிக்கும். அன்னிக்கு ஒரு சிரிப்பு சிரிச்சீங்களே, அந்தச் சிரிப்ப ஊரே சிரிக்கும்." எழுந்துகொண்டார். "ரவுண்டு சீல் மேசை மேல இருக்கு. நான் டீ குடிக்கப் போறேன். வர இருபது நிமிஷம் ஆவும்." (டீச்சருக்கு டீ குடிக்கும் பழக்கமே கிடையாது.)

உட்கார்ந்து எழுதினேன். 'இப்பள்ளி வளாகத்தில் பொறுப்புத் தெய்வமாக இருந்துவரும் அருள்மிகு பிள்ளையார் அவர்கள், நிர்வாகக் காரணங்களுக்காக இன்று முற்பகல் பணிவிடுவிப்பு செய்யப்பட்டு, திருநாவலூர் பகுதிக்கு மாறுதல் செய்யப்படுகிறார். பணியேற்பிடைக் காலம் அனுமதிக்கப்படும்.' (புது இடத்தில் போய்ச் சேரக் கொடுக்கும் அவகாசத்துக்கு ஆபீஸ் பாஷையில் அப்படித்தான் பெயர்.) கீழே யாருக்கும் புரியாத மாதிரி ஒரு கையெழுத்து. அதன்மேல் சீலை எடுத்து ஓங்கி ஒரு குத்து.

பதினோரு மணிக்குப் பலாமரத்தடியில் ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டினேன். ஊர்க்கவுண்டர் தாளை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்தார், தள்ளி வைத்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். என் உத்தியோகம் முடிந்தது என்று நினைத்தேன்.

"எந்த ஊருக்குப் போட்டுக்கிறாங்க?"

"திருநாவலூர் பக்கங்க."

"கீழதான?"

"ஆமாங்க."

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்துக்குங்க. டாக்டரு வந்தாரு, மூணு மாசத்துல கீழ போய்ட்டாரு. நர்சம்மா வந்தாங்க, மழை வந்ததும் போய்ட்டாங்க. இங்கிலீஷு வாத்தியாரு பொட்டியவே பிரிக்கல. சாமியாச்சே, கல்லாச்சே, இதாவது நம்மகிட்ட நிக்கும்னு பாத்தோம். ரெண்டு மாசம் தாங்கல!"

ஊரே கொல்லென்று சிரித்தது. சமையலக்கா, "பதிலுக்கு வேற சாமி போடுவாங்களா சார், இல்ல இங்கிலீஷு வாத்தியார் எடமாட்டம் இதுவும் காலியாவே கெடக்குமா?" என்று கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார்.

அதோடு விடவில்லை. யார் மாறுதலாகிப் போனாலும் பள்ளியில் பிரிவு உபசார விழா நடத்துவது வழக்கமாம். பிள்ளையாருக்கும் நடந்தது. மாலை, கற்பூரம், பிள்ளைகளின் கைதட்டல், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நன்றியுரை. ஏற்புரையை நான் பேச வேண்டியதாயிற்று. மத்தியான பஸ்ஸில் அவரை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினேன். "இன்னா சார், சாமிய எங்க தள்ளிக்கினு போறீங்க?" என்றார் கண்டக்டர். "டிரான்ஸ்பர்" என்றேன். "எங்க டிப்போலயும் இதே கதைதான் சார், சொல்லாம கொள்ளாம தூக்கிடுவானுங்க" என்று பிள்ளையாருக்காக வருத்தப்பட்டார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஒன்பதரைக்குப் பூங்கொடி கேட்டருகில் வந்து நின்றது. பலாமரத்தடியில் வெறும் செங்கல்தான் இருந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்தது. அப்புறம் செருப்புக் காலோடு நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டது. டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று அறைக்குள் போனேன். "மொதல்ல நேத்து மத்தியானத்துக்கு லீவ் லெட்டர் குடுங்க" என்றார்.

பொதுத்தேர்வில் பூங்கொடி கணக்கில் தொண்ணூற்றாறு. அதில் என் பங்கு, குறைந்துபோன அந்த நாலு மார்க்.

அடுத்த மாறுதல் கவுன்சிலிங்கிலேயே நானும் கீழே இறங்கிவிட்டேன். (ஆமாம், நானும்தான். ஊர்க்கவுண்டரின் பட்டியலில் என் பெயரும் இருக்கும்.) பிள்ளையார் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறார். நாட்டில் பக்தியே போச்சு, பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பிக்க வேண்டும் என்று யாராவது டிவியில் பேசும்போது நான் தெரியாத்தனமாகத் தலையாட்டிவிட்டால் போதும், என் மனைவி அடுக்களையிலிருந்தே, "ஆர்டர் இருக்கா?" என்பாள்.

பூங்கொடி இப்போது நர்ஸ். அதே மலையில், ஆரம்ப சுகாதார நிலையத்தில். பிள்ளையார் சதுர்த்திக்குத் தவறாமல் போன் வரும். "என்கூட படிச்சவரு எப்டி சார் இருக்காரு?" என்று கேட்கும். போன தடவை, "கீழ மாறுதல் கேக்கலயாம்மா?" என்றேன்.

"நா எதுக்கு சார் போவணும்? போறேன்னாலும் எங்கப்பா விட மாட்டாரு. ஆர்டர்னு எதைக் காட்டினாலும், சீல் எப்டி இருக்குதுன்னுதான் மொதல்ல பாப்பாரு."

"ஏம்மா அப்படி?"

"உங்க ஆர்டர்ல சீல் தலைகீழா இருந்துச்சே சார்! அன்னிக்கே பாத்துட்டாரு. என் எக்ஸாம் முடியற வரைக்கும் எங்கம்மாகிட்டகூட சொல்லல. அந்தத் தாளு இன்னும் எங்க வூட்டுப் பொட்டில பத்திரமா இருக்குது."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மனைவிக்கு வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து வீட்டில் கேள்வி நீண்டுவிட்டது: "ஆர்டர் இருக்கா? சீல் நேரா இருக்கா?"